பழம்பதிப்பிற்கு மீளுதல்

பாத்திரமேற்றுக் கதையாக ஆடப்பெறும் மேசை விளையாட்டுக்களுள் முதன்மையானது 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பதாம். அமெரிக்கராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றிய இதன் விதிகள் 1974-ஆம் ஆண்டில் மூன்று சிறு நூல்களாய் வெளிவந்தன. பின்னர், 2000-இல் மூன்றாம் பதிப்பும் 2014-இல் ஐந்தாம் பதிப்பும் விரிவாகத் தோன்றின. எனினும், ஆடுவோர் சிலர் பழையதையே மீண்டும் நாடினர். 2013-இல் அம்மூன்று நூல்களும் மறுபதிப்பாயின. இதன் காரணத்தை நாம் ஈண்டு ஆராய்வோம்.

இருண்ட வழியில் பொறியொன்று மறைந்துளது எனக் கொள்வோம். மூன்றாம் பதிப்பில், ஆடுவோன் இருபது முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு தன் பாத்திரத்தின் தேடுதிறனைக் கூட்டுவான். அத்தொகையே விடை கூறும். அம்மூன்று நூல்களிலோ பொறியைத் தேடுதற்கு இத்தகைய பொதுவான பகடை விதியில்லை. "கோலால் தரையைத் தட்டிக்கொண்டே செல்கின்றேன்" என அவன் தன் செயலை உரைத்தல் வேண்டும். நடுவர் அதனைச் சீர்தூக்கி முடிவு கூறுவார். ஆகவே, ஆடுவோனது மதிக்கு ஆங்கே இடம் மிகுதி.

ஆயினும், நடுவர் ஒருபாற் கோடுவாராயின் முறையிடுதற்கு விதி யாதுளது? விரிந்த விதிகள் எளியோர்க்கு அரணாதலை நாம் மறுத்தல் இயலாது. ஆதலின், பழம்பதிப்பிற்கு மீள விழைவோர், நூலைத் தேடுமுன் நடுநிலை பிறழா நடுவர் ஒருவரைத் தேடிக் கொள்வாராக.