பிராணவாயு உணர்கருவியின் சூடேற்றிச் சுற்று: பழுதறியும் முறை

பெங்களூர் நகரில் மார்கழிக் காலையொன்றில் புறப்படும் மோட்டார் காரைக் கவனிப்போம். என்ஜின் குளிர்ந்திருக்கிறது. சில நிமிஷங்கள் ஓடிய வண்டி சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் சிக்கி, நின்றும் ஊர்ந்தும் செல்கிறது. மெதுவாகச் சுழலும் என்ஜினிலிருந்து வெளிவரும் புகையில் உஷ்ணம் குறைவு. இத்தகைய வேளையில்தான், புகைக் குழாயில் பொருத்தப்பட்டுள்ள பிராணவாயு உணர்கருவிக்குத் தனியான மின் சூடேற்றி இன்றியமையாததாகிறது. அச்சூடேற்றியின் சுற்றில் ஏற்படும் பழுதை முறையாகக் கண்டறிவது எவ்வாறு என்பதே இப்பாடம்.

கருவியின் தொழில்

பட்டறைகளில் ஆக்ஸிஜன் சென்சார் எனப்படும் இக்கருவியினுள் ஸிர்கோனியா என்னும் பீங்கான் போன்ற பொருள் உள்ளது. அதன் ஒரு புறத்தைப் புகையும் மறுபுறத்தை வெளிக்காற்றும் தொடுகின்றன. இருபுறத்துப் பிராணவாயுவின் வேறுபாட்டிற்கேற்ப அது மின்னழுத்தம் உண்டாக்குகிறது. கலவையில் பெட்ரோல் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட். இதனைக் கொண்டு கட்டுப்பாட்டுப் பெட்டி பெட்ரோலின் அளவைத் திருத்துகிறது.

ஆனால் சுமார் 300 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே ஸிர்கோனியா நம்பத்தக்க செய்தி தருவதில்லை. 1976ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தார் இதனைக் கார்களுக்கு வழங்கியபொழுது, புகையின் வெப்பமே அதைச் சூடாக்க வேண்டியிருந்தது. சூடேற்றி பின்னரே சேர்க்கப்பட்டது.

சூடேற்றி இயங்காவிடில் கருவி செயற்படத் தாமதமாகும். அதுவரை பெட்டி முன்குறித்த அளவிலேயே பெட்ரோலைச் செலுத்தும். எரிபொருள் வீணாவதோடு, நச்சு வாயுவான கார்பன் மோனாக்ஸைடும் மிகக்கூடும். முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரியும். குறியீடு படிக்கும் கருவியில் பி0135 எனத் தோன்றினால் முன் கருவியின் சூடேற்றிச் சுற்றையும், பி0141 எனத் தோன்றினால் வினையூக்கிப் பெட்டிக்குப் பின்னுள்ள கருவியின் சுற்றையும் அது பொதுவாகக் குறிக்கும். "சுற்று" என்ற சொல் கவனிக்கத்தக்கது. குறியீடு கருவியைக் குற்றம் கூறவில்லை. பியூஸ், கம்பி, இணைப்பான், சூடேற்றி, கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய ஐந்தில் எங்கேனும் பழுதிருக்கலாம். இதை உணராமல் சில ஆயிரம் ரூபாய் செலவிட்டுக் கருவியை மாற்றியபின், மறுநாளே விளக்கு மீண்டும் எரிவதுண்டு.

சோதிக்கும் வரிசை

புகைக் குழாய் நன்கு ஆறிய பின்னரே தொடங்குக. நான்கு கம்பிகளுள்ள கருவியில் இரண்டு சூடேற்றிக்கும், ஏனைய இரண்டு செய்திக்கும் உரியவை. எவை எவை என்பதை அவ்வண்டியின் கம்பிப் படத்தில் உறுதி செய்துகொள்க.

1. பியூஸையும் இணைப்பானையும் காண்க. மழைநீரால் பச்சை பூத்த முனைகள், எலி கடித்த கம்பிகள், குழாயில் பட்டு உருகிய உறை ஆகியவற்றைத் தேடுக.

2. இணைப்பானைக் கழற்றி, கருவிப் பக்கத்துச் சூடேற்றி முனைகளுக்கிடையே தடையை அளக்க. குளிர்ந்த நிலையில் பலவகைக் கருவிகளில் இது சில ஓம் அளவே இருக்கும். சரியான எண்ணைத் தயாரிப்பாளர் கையேட்டில் காண்க. தடை எல்லையற்றதாயின் சூடேற்றி அறுந்தது. முனைக்கும் கருவியின் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு காணப்பட்டால் அதுவும் பழுதே.

3. வண்டிப் பக்கத்தில், என்ஜின் ஓடுகையில், மின்சாரம் வரும் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 21 வாட் விளக்கை இணைக்க. அது பிரகாசமாக எரிதல் வேண்டும்.

4. பெரும்பாலான வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டி எதிர்முனைப் பக்கத்தை விட்டுவிட்டு இணைக்கிறது. இரு முனைகளுக்கிடையே 5 வாட் விளக்கை வைத்தால் அது எரியவோ துடிக்கவோ வேண்டும். மூன்றாம் சோதனையில் தேறி இதில் தவறினால், பெட்டிவரை கம்பியைச் சோதிக்க. எல்லாம் சரியெனக் கண்ட பின்னரே பெட்டியை ஐயுறுக.

செய்திக் கம்பிகளுக்கு ஒருபோதும் 12 வோல்ட் கொடுக்கலாகாது, ஓம்மானியும் வைக்கலாகாது.

வோல்ட்மானி ஏமாற்றும் விதம்

மூன்றாம் சோதனைக்கு வோல்ட்மானி போதாதா என்று கேட்கலாம். 6 ஓம் தடையுள்ள சூடேற்றி 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்கும். திறன் 24 வாட். துருப்பிடித்த இணைப்பொன்று மேலும் 6 ஓம் தடை சேர்த்தால் மின்னோட்டம் 1 ஆம்பியராகும். சூடேற்றிக்குக் கிட்டுவது 6 வோல்ட். திறன் 6 வாட், அதாவது கால் பங்கே. ஆயினும் கழற்றிய முனையில் வோல்ட்மானி 12 வோல்ட்டே காட்டும்; ஏனெனில் அதனூடே மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. மின்னோட்டமின்றித் தடையில் அழுத்த இழப்பும் இல்லை.

வகுப்பறைச் செய்முறை

ஆசிரியர்கள் இதனை எளிதில் விளக்கலாம். 12 வோல்ட் பாட்டரியுடன் ஒரே வகையான 21 வாட் விளக்குகள் இரண்டைத் தொடராக இணைக்க. ஒன்று துருவுக்கும், மற்றொன்று சூடேற்றிக்கும் ஈடு. இரண்டும் மங்கலாக எரியும். "சூடேற்றி" விளக்கைக் கழற்றி, அவ்விடத்தில் வோல்ட்மானியை வைத்தால் 12 வோல்ட் காட்டும். மாணவர் இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தாமே கூறுமாறு செய்க. ஓம் விதியை இவ்வாறு கற்றவர், பிற்காலத்தில் பட்டறையில் நல்ல கருவியைக் கழற்றி எறியமாட்டார்.