கரையிலிருந்தே கண்டறிந்த பழுது

1870ஆம் ஆண்டில் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் பெருங்கப்பல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கடலடித் தந்திவடத்தை அமைத்தது. வடத்தின் நடுவே செம்புக் கம்பி இருந்தது. அதன்மேல் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாற்பொருள் உறையாகவும், அதற்கும் மேல் இரும்புக் கம்பிகள் காப்பாகவும் அமைந்தன. இத்தகைய வடத்தின் உறை எங்கேனும் கிழிந்தால், மின்னோட்டம் கடல்நீரில் கசியும்; செய்தி தடைபடும். பழுதான இடத்தைக் காண, கடல் முழுவதையும் துழாவ இயலுமா? கரையிலிருந்தே விடை கூற விகிதக் கணக்கு உதவியது.

செர்மானிய அறிஞர் கியார்க் சைமன் ஓம், வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளைக் கொண்டு சோதனைகள் செய்தார். தம் ஆய்வை 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஒரே உலோகத்தால் ஆன, ஒரே பருமனுள்ள கம்பியின் மின்தடை, வெப்பநிலை மாறாதபோது, அதன் நீளத்திற்கு நேர் விகிதத்தில் இருக்கும். நீளம் இரு மடங்கானால் மின்தடையும் இரு மடங்காகும். மின்தடையின் அலகு அவர் பெயராலேயே 'ஓம்' என வழங்கப்படுகிறது.

300 கி.மீ. நீளமுள்ள வடமொன்றின் கம்பிக்கு மின்தடை 900 ஓம் எனக் கொள்க. அதாவது, 1 கி.மீ.க்கு 3 ஓம். உறை கிழிந்தபின் கிழக்குக் கரையில் அளந்தால் 420 ஓம் கிடைக்கிறது. 420 ÷ 3 = 140. எனினும், பழுது 140ஆம் கி.மீ.இல் உள்ளது என முடிவு செய்தல் தவறாகும். கம்பி கடல்நீரைத் தொடும் இடத்திலும் ஒரு மின்தடை உண்டு. அதுவும் இவ்வளவில் சேர்ந்துள்ளது.

ஆகவே, மேற்குக் கரையிலும் அளக்க வேண்டும். அளக்கும்போது மறுமுனை எதனோடும் இணைந்திருத்தல் கூடாது. அங்கே 600 ஓம் கிடைக்கிறது. பழுதிடத்தின் தடை மாறாதிருந்தால், அது இரண்டு அளவுகளிலும் சமமாகவே சேர்ந்திருக்கும், கழித்தால் நீங்கிவிடும். 600 − 420 = 180. கம்பியின் இரு பகுதிகளுடைய தடைகளின் கூடுதல் 900, வேறுபாடு 180. எனவே, கிழக்குப் பகுதியின் தடை (900 − 180) ÷ 2 = 360 ஓம்.

900 : 360 = 300 : 120

பழுது கிழக்குக் கரையிலிருந்து 120ஆம் கி.மீ.இல் உள்ளது. முதல் விடையை நம்பிச் சென்ற கப்பல் 20 கி.மீ. தள்ளி வீணே தேடியிருக்கும். விகிதம் பொய்ப்பதில்லை, அதனுள் இடும் அளவு எதனுடையது என்பதை ஆராய்ந்து இடுதல் வேண்டும்.

சொற்பொருள்
வடம் – தடித்த கயிறு. இங்கு, உறையிட்ட கம்பி
துழாவுதல் – தேடுதல்
வீணே – பயனின்றி

பயிற்சி
1. பிரித்து எழுதுக: கடலடி, பழுதிடம்.
2. முதல் விடை தவறானது ஏன்? இரண்டு தொடர்களில் எழுதுக.
3. மேற்கண்ட கணக்கில் பழுதிடத்தின் மின்தடை எவ்வளவு?
4. 5 மீட்டர் கம்பியின் மின்தடை 2 ஓம் எனில், அதே கம்பி 20 மீட்டர் இருந்தால் மின்தடை எவ்வளவு?