குபேர கோலம் போடலாம் வாங்க: ஒன்பது கட்டமும் ஒரு ஆமையும்

பூஜை அறையில ஒன்பது கட்டம் போட்டு, உள்ளே எண் எழுதி, கட்டத்துக்கு ஒரு நாணயம் வச்சிருக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? அதுதான் குபேர கோலம். நாகமலை புதுக்கோட்டையில எங்க வீட்டுல அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போடுவாங்க. வீட்டுலயே தையல் வேலை பார்க்குறவங்க. பிளேஸ்மென்ட்ல ரெண்டு கம்பெனி என்னை வேண்டாம்னு அனுப்பின வாரம், "இந்தத் தடவை நீ போடு"ன்னு அரிசி மாவு டப்பாவை என் கையில குடுத்தாங்க.

ஞாபகத்துல இருந்து எழுதினேன். அம்மா ஒரு பார்வை பார்த்துட்டு, "நடு வரிசை 73 வருது, கீழ 71. ரெண்டு எண்ணை மாத்திட்ட" அப்படின்னாங்க. 22, 23 இடம் மாறியிருந்துச்சு! அன்னைக்குத்தான் இதை ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன்.

சரியான கோலம் இதுதான்:

27  20  25
22  24  26
23  28  21

எந்த வரிசை, எந்தப் பத்தி, எந்த மூலைவிட்டம் கூட்டினாலும் 72.

மனப்பாடம் பண்ணாம வரையறது எப்படி?

1. மேல் வரிசை நடுக்கட்டத்துல 20 எழுதுங்க.
2. அடுத்த எண்ணுக்கு ஒரு கட்டம் மேல, ஒரு கட்டம் வலது பக்கம் போங்க. மேல வெளியே போனா அந்தப் பத்தியோட அடிக்கு வாங்க. வலது பக்கம் வெளியே போனா அந்த வரிசையோட இடது ஓரத்துக்கு வாங்க. 21-ம் 22-ம் இப்படித்தான் உட்காரும்.
3. போற கட்டத்துல ஏற்கெனவே எண் இருந்தா, கடைசியா எழுதின எண்ணுக்கு நேர் கீழ எழுதுங்க. 22-க்குக் கீழ 23, 25-க்குக் கீழ 26 வர்றது இதனாலதான்.

இந்த அல்காரிதத்துக்கு ஐரோப்பாவுல 'சயாம் முறை'ன்னு பேரு. 1687-ல சயாமுக்குத் தூதரா போன லா லூபேர்ங்கிற பிரெஞ்சுக்காரர்தான் அங்க இதைப் பரப்பினார். ஆனா அவரே இதை இந்தியர்களோட முறைன்னுதான் எழுதியிருக்கார்.

இப்போ ஆமை. கோலத்துல எல்லா எண்ணுலயும் 19-ஐக் கழிங்க. மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் இடம் மாத்துங்க:

4  9  2
3  5  7
8  1  6

இது சீனாவோட 'லோ ஷு'. லுவோ நதியில வெள்ளம் வந்து, யூங்கிற மன்னர் அதை அடக்கப் போராடினப்போ, நதியில இருந்து ஒரு ஆமை ஏறி வந்துச்சாம். அதோட ஓட்டுல புள்ளி புள்ளியா இருந்தது இந்தச் சதுரம்தான்னு கதை. எப்படிக் கூட்டினாலும் 15. ஃபெங் ஷுய் பார்க்குறவங்க இதை வீட்டு வரைபடத்து மேல வச்சு, 4 இருக்கிற தென்கிழக்கைச் செல்வத்தோட மூலைன்னு சொல்றாங்க. நமக்கோ குபேரன் வடக்குத் திசைக்கு அதிபதி.

அப்போ யாரைப் பார்த்து யார் வரைஞ்சாங்க? சதுரத்தை மட்டும் வச்சு அதைச் சொல்லவே முடியாது. 1 முதல் 9 வரை எண்களை இப்படி அடுக்க ஒரே ஒரு வழிதான் இருக்கு. மத்ததெல்லாம் அதையே திருப்பினது, இல்லன்னா கண்ணாடியில பார்த்தது. மொத்தம் 8 தோற்றம். யார் தேடினாலும் இங்கதான் வந்து நிக்கணும். அதனால "நம்மகிட்ட இருந்து திருடிட்டாங்க"ன்னு வர்ற ஃபார்வேர்டை நம்புறதுக்கு முன்னாடி யோசிங்க.

நடுவுல ஏன் 24? நடுக்கட்டம் வழியா நாலு கோடு போகுது. நாலையும் கூட்டினா எல்லாக் கட்டமும் ஒரு தடவை வரும், நடு எண் மட்டும் மூணு தடவை கூடுதலா வரும். கோட்டுத் தொகையை S-ன்னு வச்சா, 4S = 3S + 3 × நடு எண். அதாவது S = 3 × நடு எண். 24 × 3 = 72. அவ்வளவுதான்!

"இதைப் போட்டா பணம் வருமாம்மா?"ன்னு கேட்டேன். வியாழக்கிழமை ராத்திரி தையல் நோட்டுல யார் எவ்வளவு பாக்கின்னு கூட்டி முடிச்சுட்டுத்தான் அம்மா படுப்பாங்க. மறுநாள் காலையில கோலம். "பணம் வருதோ இல்லையோ, கணக்கு தப்பக்கூடாதுடா"ன்னு சொன்னாங்க.

எனக்கு இன்னும் வேலை கிடைக்கல. போன வெள்ளிக்கிழமை கோலம் நான்தான் போட்டேன். அம்மா எட்டு கோட்டையும் கூட்டிப் பார்த்துட்டு, ஒன்பது நாணயத்தையும் வச்சாங்க.