தோலைச் சுடும் கதிர்

ஆஸ்திரேலியாவில் வாழும் ஐரோப்பிய வழியினருள் ஒருமுறையேனும் வெயிலில் தோல் கன்றாத பெரியோரைக் காண்டல் அரிது. கடலாடுவோர்க்கே இத்துன்பம் உண்டாகும் என்று எண்ணுதல் பொருந்தாது. வீட்டுத் தோட்டத்தில் களை பறிப்போரும், திடலில் மட்டைப்பந்து காண்போரும் தம்மை அறியாமலே தோல் சிவந்து, எரிந்து, உரியக் காண்கின்றனர். மேகம் கவிந்த குளிர்நாளிலும் இது நேரும். ஏனெனில் தோலைச் சுடுவது வெப்பமன்று, கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிரே. மெல்லிய மேகம் அதனை முற்றும் தடுப்பதில்லை. அந்நாட்டில் மூவருள் இருவர் 70 வயதிற்குள் ஏதேனும் ஒருவகைத் தோற்புற்றுக்கு ஆளாவர் எனக் கணக்கிட்டுள்ளனர். ஆகவே, சட்டை அணிக, களிம்பு பூசுக, தொப்பி கவிக்க என்னும் மூன்றையும் 1981-இல் தொலைக்காட்சியில் ஒரு சித்திரக் கடற்பறவை ஆடிப்பாடிக் கற்பித்தது. தொப்பியின்றி வரும் மாணவர்க்குப் பள்ளிகள் பலவற்றில் வெயிலில் விளையாட இசைவில்லை. தோட்டத்தில் இறங்கும் தந்தையரைத் தடுப்பார்தாம் இலர்.