சும்மா கிடைத்தால் அருமை தெரியாதா?

நம்பிக்கை: இலவசமாகக் கொடுத்தால் மக்கள் மதிக்க மாட்டார்கள். நாலு காசாவது வாங்கினால்தான் பயன்படுத்துவார்கள்.

உண்மை: டீக்கடை பெஞ்சில் மட்டும் பேசப்படும் வாதம் இல்லை இது. ஆப்பிரிக்காவில் மலேரியாவைத் தடுக்கக் கொசுவலை வழங்கியபோது, விவரம் தெரிந்தவர்களே இதைச் சொன்னார்கள். ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபா என்ற இரு பொருளியலாளர்கள் சோதித்துப் பார்க்க மேற்குக் கென்யாவுக்குப் போனார்கள். கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் மருத்துவ நிலையங்களில், எந்த இடத்தில் வலை என்ன விலை என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். சில இடங்களில் இலவசம். அதிகபட்ச விலை 40 ஷில்லிங், அதாவது அன்றைய மதிப்பில் 0.60 டாலர்.

அந்தச் சின்னத் தொகைக்கே, வலை வாங்கியவர்களின் பங்கு 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது.

சரி, காசு கொடுத்தவர்களாவது ஒழுங்காகக் கட்டிப் படுத்தார்களா? வீடு வீடாகப் போய், வலை தொங்குகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். இலவசமாகப் பெற்றவர் வீட்டுக்கும் விலைக்கு வாங்கியவர் வீட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதில் ஒரு நுணுக்கமும் செய்திருந்தார்கள். விலை கொடுக்கச் சம்மதித்த பெண்களில் சிலருக்கு, எதிர்பாராத தள்ளுபடி குலுக்கலில் விழுந்தது. ஆசைப்பட்டதால் கட்டுகிறார்களா, காசு போனதே என்று கட்டுகிறார்களா என்பதைப் பிரித்துப் பார்க்க இதுதான் வழி. காசு போனது எதையும் மாற்றவில்லை. ஆய்வு 2010இல் வெளியானது. சும்மா வாங்கிப் பழகியவர் பிறகு காசு கொடுக்க மாட்டார் என்ற பயத்தையும் டூபா விடவில்லை. முதலில் பெரிய மானியத்தில் வலை பெற்ற குடும்பங்கள், ஓராண்டு கழித்து இன்னொரு வலையை விலைக்கு வாங்கக் கூடுதலாகவே முன்வந்தன.

நம்பிக்கை: தடுப்பூசி போடாததற்குக் காரணம் அறியாமை. எடுத்துச் சொன்னால் போதும்.

உண்மை: ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டம். 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் சக ஆய்வாளர்களோடு அங்கே 134 கிராமங்களைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒன்றும் செய்யாத ஊர்களில், எல்லா ஊசிகளையும் போட்டு முடித்த குழந்தைகள் 6%. மாதந்தோறும் தவறாமல் முகாம் நடத்தி, தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளும் வைத்த ஊர்களில் 18%. அதே முகாமில் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, முடித்தால் எவர்சில்வர் தட்டு செட் என்று கொடுத்த ஊர்களில் 39%.

பருப்புக்காகவா பெற்ற பிள்ளைக்கு ஊசி போடுவாள் என்று முகம் சுளிக்க வேண்டாம். முதல் ஊசிக்கு இருவகை முகாம்களுக்கும் வந்த கூட்டம் ஏறக்குறைய ஒன்றுதான்; வித்தியாசம் கடைசி வரை வருவதில். ஐந்து தடவையாவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். வேலை கெடுவது இன்றைக்கு. வராமல் போகும் நோயோ கண்ணில் படுவதில்லை. எதிர்ப்பு என்று நாம் நினைப்பது பெரும்பாலும் ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’தான். அதை அசைக்கப் பருப்பு போதும். செவிலியர் சம்பளம் எப்படியும் கொடுக்கத்தான் வேண்டும். கூட்டம் கூடியதால், பருப்புச் செலவையும் சேர்த்தே ஊசிகளை முடித்த ஒரு குழந்தைக்கான செலவு பாதியாகக் குறைந்தது.

நம்பிக்கை: அப்படியானால் எதையும் இலவசமாகக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

உண்மை: இல்லை. ஒடிசாவில் புகைபோக்கி வைத்த அடுப்பை ஏறக்குறைய இலவசமாகவே கட்டிக் கொடுத்தார்கள். சோதனைக்கூடத்தில் நன்றாக எரிந்த அடுப்புதான். வீட்டிலோ பழுதானதைச் சரிசெய்யவில்லை. பக்கத்திலேயே இருந்த பழைய அடுப்பில் சமையல் தொடர்ந்தது. சமைப்பவர் சுவாசித்த புகை முதலாண்டில் குறைந்தது, பிறகு அந்தப் பலனும் போனது. நுரையீரல் நலத்தில் மாற்றமில்லை, விறகும் மிச்சமாகவில்லை. டுஃப்ளோவின் குழு நான்கு ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்ததால்தான் இது தெரிந்தது. முதலாண்டோடு அளவெடுப்பதை நிறுத்தியிருந்தால், திட்டம் வெற்றி என்றே அறிக்கை போயிருக்கும்.