கடலுக்கும் உண்டு உழவன்

வயலை உழுவது யார்? உழவர் உழுகிறார். மண்புழுவும் மண்ணைக் கிளறி உதவுகிறது. அதனால் மண்புழுவை உழவனின் நண்பன் என்கிறோம்.

கடலுக்கு அடியிலும் மண் இருக்கிறது, மணல் இருக்கிறது. அதைக் கிளறுவது யார்? கடல் அட்டை.

இந்த அட்டை வயல் அட்டை போன்றது அல்ல. இது இரத்தம் குடிக்காது. யாரையும் கடிக்காது. இதன் உறவுக்காரர்கள் வேறு. யார் அவர்கள்?

முள் தோல் குடும்பம்

நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை மூன்றும் ஒரே குடும்பம். இவற்றை முட்தோலிகள் என்று சொல்வார்கள். முள் உள்ள தோலை உடையவை என்று பொருள். உலகில் சுமார் 7,000 வகை முட்தோலிகள் உள்ளன. எல்லாம் கடலில் வாழ்பவை. ஆற்றிலோ குளத்திலோ இவற்றைப் பார்க்க முடியாது.

இந்தக் குடும்பத்துக்கு ஐந்து என்ற கணக்கு உண்டு. நட்சத்திர மீனுக்குப் பெரும்பாலும் ஐந்து கைகள். கடல் முள்ளெலிக்கு ஐந்து பற்கள். கடல் அட்டையின் உடலுக்குள் ஐந்து தசைப் பட்டைகள்.

இவற்றின் கால்கள் சின்னச் சின்னக் குழாய்கள் போல இருக்கும். உடலுக்குள் நீர் ஓடும் குழாய்கள் உண்டு. அந்த நீரின் அழுத்தத்தால் கால்கள் நீளும், சுருங்கும். இப்படித்தான் இவை மெல்ல மெல்ல நகர்கின்றன.

நட்சத்திர மீன்

பெயரில்தான் மீன். இதற்குச் செதில் இல்லை, துடுப்பும் இல்லை. சிப்பி இதற்குப் பிடித்த உணவு. குழாய்க் கால்களால் சிப்பியைப் பற்றி இழுக்கும். சிப்பி கொஞ்சம் திறந்தால் போதும். தன் வயிற்றையே வெளியே தள்ளி உள்ளே நுழைக்கும். அங்கேயே தின்று செரிக்கும்.

கை அறுந்தால் மீண்டும் கை முளைக்கும்.

கடல் முள்ளெலி

உருண்டை உடல். உடல் முழுவதும் முள். பாறையில் படரும் பாசியை இது மேய்ந்து தின்னும். இதனால் என்ன பயன்?

1983-ஆம் ஆண்டு கரீபியன் கடலில் ஒரு நோய் பரவியது. நீண்ட கருமுள் கொண்ட முள்ளெலிகள் கூட்டம் கூட்டமாக இறந்தன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன. மேய ஆள் இல்லாததால் பாசி பெருகியது. பவளப் பாறைகளை மூடியது. பவளம் அழிந்தால் அங்கே ஒதுங்கும் மீனும் குறையும்.

முள்ளெலியின் முள் காலில் குத்தினால் உடைந்து உள்ளே தங்கிவிடும். வெளியே தெரியும் முள்ளை மட்டும் மெதுவாக எடுக்க வேண்டும். தோண்டக் கூடாது. தாங்கும் அளவு சூடான நீரில் காலை வைத்தால் வலி குறையும். பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கடல் அட்டை

கடல் அட்டைகளில் பல வகை மணலை விழுங்கும். மணலில் கலந்துள்ள அழுகிய பொருளைச் செரித்துக்கொள்ளும். சுத்தமான மணலை வெளியே விடும். கடலின் உழவனும் அதுவே. துப்புரவுத் தொழிலாளியும் அதுவே.

மன்னார் வளைகுடா, பாக் நீரிணை, லட்சத்தீவு, அந்தமான் கடல்களில் கடல் அட்டை உண்டு. நம் நாட்டில் இதை யாரும் விரும்பிச் சாப்பிடுவதில்லை. ஆனால் சீன மக்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். எனவே வெளிநாட்டில் நல்ல விலை. கடலில் மூழ்கிக் கையால் பிடித்தார்கள். வேகவைத்து, காயவைத்து ஏற்றுமதி செய்தார்கள்.

விலை ஏறியது. அட்டை குறைந்தது.

ஏன் குறைந்தது? அட்டைக்கு ஓடத் தெரியாது. பிடிப்பது எளிது. இன்னொரு காரணமும் உண்டு. ஆண் அட்டையும் பெண் அட்டையும் விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விடுகின்றன. இரண்டும் தண்ணீரில் சேர வேண்டும். அட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அது நடக்கும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று மிஞ்சினால் குஞ்சு எப்படி வரும்?

தடை வந்தது

1982-இல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த அட்டையை ஏற்றுமதி செய்யத் தடை வந்தது. அது போதவில்லை. 2001-இல் மத்திய அரசு எல்லாக் கடல் அட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்தது. புலிக்கு உள்ள பாதுகாப்பு அட்டைக்கும் கிடைத்தது. பிடிப்பது குற்றம். வைத்திருப்பது குற்றம். விற்பதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு.

2020-இல் லட்சத்தீவில் செரியபாணி பகுதியில் 239 சதுர கிலோமீட்டர் கடல், அட்டைகளுக்குக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

தடையால் பல மீனவக் குடும்பங்கள் வருமானம் இழந்தன. தடையை நீக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டு வருகிறார்கள். அவர்கள் வயிற்றுப் பாடும் உண்மை. கடல் வெறுமை ஆனதும் உண்மை. கடல் அட்டைக் குஞ்சுகளைத் தொட்டியில் பொரிக்க வைக்க முடியும். 1988-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைச் செய்து காட்டியது. கடலும் வாழ வேண்டும், கடலை நம்பியவரும் வாழ வேண்டும். அதற்கு வழி தேடுவது எல்லோர் பொறுப்பு.

வலையில் தெரியாமல் அட்டை சிக்கினால் என்ன செய்வது? உயிரோடு இருக்கும்போதே கடலில் விட்டுவிடுங்கள். வாங்க வரும் ஆளை நம்பி வீட்டில் வைக்காதீர்கள். அவர் போய்விடுவார். வழக்கு உங்கள் மேல் வரும்.

கூடிப் பேசுங்கள்

1. கடல் அட்டையைக் கடலின் உழவன் என்று ஏன் சொல்கிறோம்?
2. முள்ளெலி அழிந்தால் பவளத்துக்கு என்ன ஆகும்?
3. அட்டைகள் மிகவும் குறைந்த பின் ஏன் எளிதில் பெருகுவதில்லை?
4. உங்கள் ஊரில் முன்பு நிறைய இருந்து, இப்போது குறைந்துபோன உயிர் எது? காரணம் என்ன?