வாங்க மறுத்த வாடகையும் பாக்கிதான்

ஓடிக்கொண்டிருக்கும் வாடகையைக் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் வீட்டுக்காரர் தன் போக்கில் ஏற்றுவதே முறையற்ற வாடகை உயர்வு. ஒப்பந்தத்தில் எழுதிய அளவுக்கு மேல் கேட்பதும், எழுத்தே இல்லாத வீட்டில் "அடுத்த மாசத்துல இருந்து நாலாயிரம், முடியாட்டி காலி பண்ணிக்கோங்க" என்பதும் இதில் சேரும். கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அவர் கேட்டார் என்பதற்காகவே அந்தத் தொகை வாடகையாகிவிடாது.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பது வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-இல் இயற்றிய வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது நகர்ப்புறங்களுக்கு உரியது. 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்த திருத்தங்கலில் உள்ள வீட்டுக்கு அது உண்டு. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஊராட்சியாக இருக்கும் ஆனைக்குட்டத்து வீட்டுக்கு இல்லை. ஆனைக்குட்டத்தில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான். அதன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத குடியிருப்பு வீட்டின் வாடகை மாதத்துக்கு மாதம் ஓடுவது. அதை முடிக்க எழுத்தில் 15 நாள் அறிவிப்பு வேண்டும். அதன் பிறகும் குடியிருப்பவர் வெளியேறாவிட்டால் வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சாமானைத் தூக்கி வெளியே வைக்க அவருக்கு அதிகாரம் கிடையாது.

குடியிருப்பவரை அதிகம் சாய்ப்பது உயர்வு அல்ல, உயர்வு கேட்ட பிறகு பழைய வாடகை நின்றுபோவதுதான். ஆனைக்குட்டத்தில் ஒரு பட்டாசுத் தொழிலாளர் குடும்பத்துக்கு நடந்தது இது. வாடகை 2,500 ரூபாய், அட்வான்ஸ் 20,000. ஒப்பந்தமும் இல்லை, ரசீதும் இல்லை. கொடுத்த ஒவ்வொரு மாதமும் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போடுவதுதான் கணக்கு. தீபாவளி முடிந்து ஆலை மூடிக் கிடந்த நேரத்தில் வீட்டுக்காரர் 4,000 கேட்டார். நீட்டிய 2,500-ஐ வாங்கவில்லை. "வாங்க மாட்டேன்னா விடு, வாங்குறப்ப வாங்கட்டும்" என்று சொந்தக்காரர்கள் தைரியம் சொன்னார்கள். பணம் எவர்சில்வர் டப்பாவுக்குத் திரும்பியது. வாரச் சம்பளம் இல்லாத நாட்களில் அது அரிசிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் கரைந்தது. மூன்று மாதம் கழித்து வீட்டுக்காரர் பேசியது உயர்வைப் பற்றி அல்ல. 7,500 ரூபாய் பாக்கியைப் பற்றி. புது வருடக் காலண்டர் மாட்டியபோதே பழையது எடைக்குப் போயிருந்தது. கடைசியில் அட்வான்ஸில் பாக்கிக்கு 7,500, வெள்ளையடிக்க 4,500 பிடித்துக்கொண்டு 8,000 கைக்கு வந்தது, வீடும் போனது. தைரியம் சொன்னவர்களில் ஒருவரும் பேச்சுவார்த்தைக்கு வரவில்லை.

அந்தக் குடும்பம் உயர்வை ஏற்காதது தவறே அல்ல. வாங்க மறுத்த பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டதுதான் தவறு. நேரில் வாங்காவிட்டால் அதே தொகையை அதே தேதியில் மணியார்டரில் அனுப்ப வேண்டும், அல்லது அவர் வங்கிக் கணக்கில் போட வேண்டும். மணியார்டர் திரும்பி வந்தாலும், அஞ்சலகம் தந்த ரசீது கொடுக்க முன்வந்ததற்குச் சாட்சி. திரும்பி வந்த பணத்தைத் தனியாக வங்கியில் போட்டு வைக்க வேண்டும். அதைத் தொடவே கூடாது. நகர்ப்புறச் சட்டம் இதற்கு மேலும் ஒரு வழி தருகிறது: தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பியும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடமே செலுத்தலாம். இரண்டு மாத பாக்கி, அறிவிப்புக்குப் பிறகும் ஒரு மாதத்துக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதே சட்டத்தில் வெளியேற்றத்துக்குக் காரணமாகிவிடும்.

மற்றவை சுருக்கமானவை. உயர்வை ஏற்கவில்லை என்பதை ஸ்பீட் போஸ்ட்டில் இரண்டு வரியில் எழுதி அனுப்பி, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நோட்டில் மாதாமாதம் வீட்டுக்காரரின் கையெழுத்து வாங்க வேண்டும். காலண்டர் வட்டம் யாரையும் கட்டுப்படுத்தாது. நகரத்தில் ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது கட்டாயம். உயர்வு அந்த ஒப்பந்தப்படிதான் இருக்க வேண்டும். தகராறு வந்தால் தொகையை நிர்ணயிக்க அந்த அதிகாரியிடமே விண்ணப்பிக்கலாம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது.

வாடகையைத் தொடாமலும் உயர்வு வரும். மின்வாரியக் கட்டணத்துக்கு மேல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பதும், மோட்டார் போடும் நேரத்தைக் குறைத்துத் தண்ணீரைத் தனியாக விலைக்கு வாங்க வைப்பதும் அந்த வகை. மீட்டர் அளவை மாதாமாதம் எழுதி வைப்பது முதலாவதற்கு மருந்து. இரண்டாவதை நகர்ப்புறச் சட்டம் நேரடியாகத் தடுக்கிறது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் திரும்பக் கொடுக்கச் சொல்லி வாடகை அதிகாரி உத்தரவிடலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று பணிந்துபோகத் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. பட்டாசு ஆலைக்குப் போகும் பெண், ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதி அங்கே கொடுக்கலாம்.

ஊராட்சி எல்லைக்குள் இருப்பவருக்குச் சட்டம் தருவது பெரும்பாலும் அவகாசம்தான். 15 நாள் அறிவிப்பும் அதற்குப் பிறகான வழக்கும் வேறு வீடு பார்க்கவும், நியாயமான தொகைக்குப் பேசி முடிக்கவும் போதும். பாக்கி இல்லாதவருக்குத்தான் அந்த அவகாசம் பயன்படும். காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் இருந்து பிடிக்க வாடகை பாக்கி என்று ஒன்று இருக்காது. சாவி கொடுக்கும்போதே முழுத் தொகையையும் கேட்டு வாங்கலாம்.